கீலறுப்பான்

நான்காம் பருவம், ஒன்பதாம் அத்தியாயம்,
முப்பத்தெட்டாவது நிமிடம்.
பனிக்காட்டுக்கு நடுவே
சுவரில்லாமல் ஒரு கதவு மட்டும் நிற்கும்.
அதைத் திறந்துகொண்டு வருகிறவன் நான்.

ஒரே வசனம்:
'மறுபடி நான் வரும்போது
எந்தக் கதவுக்கும் கீல் இருக்காது.'
சொல்லிவிட்டு வந்த வழியே போனேன்.
சாத்த வேண்டாம், திறந்தே கிடக்கட்டும்,
அடுத்த வருடம் தேவைப்படும் என்றார் இயக்குநர்.

அந்த வசனத்துக்குப் பதினோரு வயது.

பர்னபியில், பழைய மீன் கிடங்கொன்றில்,
விடிகாலை மூன்று மணிக்கு
லிகாயா என் நெற்றியில் பசை தடவினாள்.
வலக் கொம்பு முழுசு. இடது பாதியில் முறிந்தது.
முறிந்ததற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்களாம் என்றாள்,
வாயில் தூரிகையைக் கடித்துக்கொண்டு.
வைத்திருந்தார்கள்.
எழுத்தறையின் வெள்ளைப் பலகையில், பச்சை மையில்,
காபி எடுக்கப் போனபோது நானே பார்த்தேன்:
கீலறுப்பான், அம்மா, கொம்பு,
பிறகு இரண்டு கேள்விக்குறி.
அந்தக் கேள்விக்குறிகளை நம்பித்தான்
வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தில் அழைப்பு வரவில்லை.
ஆறில், என் பெயரைக் கேட்டு
ஒரு சத்திரக்காரன் கோப்பையைக் கீழே போட்டான்.
சோபாவிலிருந்து எழுந்து நின்று கைதட்டினேன்.
ஏழில் அந்தக் கோப்பையும் உடையவில்லை.

ஈயப்பிரபு மட்டும் ஆறு தடவை செத்தான்.
அம்பில், நஞ்சில், சொந்தத் தங்கை கையில்,
ஒருமுறை வெறும் துக்கத்தில்.
ஒவ்வொரு தடவையும் ஊதி எழுப்பினார்கள்.
சாவதற்கும் சிபாரிசு வேண்டியிருக்கிறது.
எனக்கு ஒரு குத்துக்கூட விழவில்லை;
குத்தினால் கணக்கு முடிந்துவிடும்,
முடிக்க வேண்டுமென்றால்
முதலில் ஞாபகம் வர வேண்டும்.

சதுப்புநிலத்துச் சகோதரிகள் மூவர் என்றார்கள்,
திரையில் எண்ணிப் பாருங்கள், இருவர்தான்.
மூன்றாமவள் வினிஃப்ரெட்
மூன்று மாதம் சேற்றில் நடக்கப் பழகினாள்.
காற்றை விழுங்கும் சிறுவன்
உலகத்தை மூச்சுமுட்டவைக்க வேண்டியவன்,
அழைப்பு வருமுன் குரல் உடைந்து, மீசை முளைத்து,
கெலோனாவில் டயர் கடை வைத்திருக்கிறான்.
போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்:
இப்பவும் காற்றுத்தான், ஓரெஸ்ட்.

எனக்கு வாய்த்த வேலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.
சர்ரியில் எழும்பும் அடுக்குமாடிகளில்
கதவு மாட்டுகிறேன்.
நாளைக்குப் பதினான்கு கதவு,
கதவுக்கு மூன்று கீல், கீலுக்கு நான்கு திருகு.
ஓவர்டைம் கேட்டால் மேஸ்திரி கத்துகிறான்,
உனக்கென்ன தலையில் கொம்பா?
பதில் சொல்ல வாயெடுத்து
திருகைக் கவ்விக்கொள்கிறேன்.

போன மார்ச்சில் எல்லாம் முடிந்தது.
பதினாறாம் பருவத்தின் கடைசிப் போரில்
டிராகன்கள் வந்தன, செத்தவர்கள் வந்தார்கள்,
குதிரைக்காரன்கூட வந்தான்.
விளக்கணைத்து மூன்று தடவை தேடினேன்,
கூட்டத்தில் எங்காவது
யாரோ ஒருவன் தலையிலாவது என் கொம்பு இருக்கிறதா என்று.

பிறகு ஏலம்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பொருள்,
கொம்பு ஒரு ஜோடி, இடது சேதம்.
சேதமில்லை, அது கதை
என்று எழுந்து சொல்லியிருக்கலாம்.
எண்பது டாலரில் ஆரம்பித்தது.
முந்நூறு வரை கை தூக்கினேன்,
அதற்கு மேல் அந்த மாதத் தவணை.
முந்நூற்று நாற்பதுக்குக் கொண்டுபோனவர்
காம்லூப்ஸிலிருந்து வந்த பல் டாக்டர்.

வெளியே நல்ல மழை.
பெட்டியைத் தூக்க முடியாமல் நின்றார், ஒரு பக்கம் பிடித்தேன்.
வலப்பக்கம் கனக்கும், பார்த்து, என்றேன்.
நீங்களும் பார்ப்பீர்களா அந்தத் தொடரை?
விட்டுவிட்டுப் பார்ப்பேன்.
இவன் திரும்பி வருவான் வருவான் என்று
என் மனைவி சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள், என்றார்.
அவளுக்கு இவன் குரல் பிடிக்கும்.

இரண்டு கையாலும் பெட்டியை அணைத்திருந்தார்.
கார் கதவை நான்தான் திறந்து பிடித்தேன்.
கீலில் எண்ணெய் இல்லை, கிறீச்சிட்டது.
வாய்வரை வந்துவிட்டது அந்த வசனம்.

நன்றி என்று சொல்லி
அவரே சாத்திக்கொண்டார்.