எங்கே அறுந்தது

ஜெலுத்தோங்கில் தியோவின் கடை.
எட்டு இழைப் பின்னல் நூலை விரலிடையில் உருட்டிப் பார்க்கிறேன்.
“நாலு இழை எடு, தங்கச்சி, கல்லில் உரசினாலும் தாங்கும்.”
தங்கச்சி மட்டும் தமிழ், மிச்சம் மலாய்.
எனக்கு வேண்டியது தூரம்.
வளையங்களில் சத்தமில்லாமல் ஓட வேண்டும்.
இருபது பவுண்ட், நூற்றைம்பது மீட்டர், பாசிப் பச்சை.
இளஞ்சிவப்பும் இருக்கிறதாம், கண்ணுக்கு நன்றாகத் தெரியுமாம்.
யார் கண்ணுக்கு?

முன்நரம்புக்குத்தான் நேரம் பிடிக்கிறது.
பின்னலுக்கு வீரம் உண்டு, தோல் இல்லை;
சிப்பி ஒருமுறை நக்கினால் போதும்.
அதனால் கடைசி ஒரு பாகத்துக்கு
தண்ணீரில் தண்ணீராய்த் தெரியும் தடித்த நரம்பு.
இருபத்தைந்தா, நாற்பதா?
மெலிந்தால் பொம்மை மீன் உயிரோடு நெளியும்,
தடித்தால் சவமாக இழுபடும்.
ஊளியின் பல்லுக்கு நாற்பதும் இடியாப்பம்.
கம்பி கட்டலாம்தான்;
கம்பி கட்டிய நாளில் ஊளி வருவதில்லை.
முப்பது என்கிறேன்.
முப்பத்தெட்டு ரிங்கிட் என்கிறது கால்குலேட்டர்.
அந்தக் காசுக்கு இரண்டு கிலோ கெம்போங் வாங்கலாம்
என்பாள் ஹஸ்னிசா.

பாயான் லெப்பாஸில் எங்கள் இருவர் இரவும்
தங்கக் கம்பியை இழுத்து அறுப்பதில் போகிறது.
தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு.
நுண்ணோக்கியின் கீழே கொக்கி அதைத் தூக்கும்,
அறும்.
எத்தனை கிராமில் என்பது ஒரு கட்டம்,
எங்கே என்பது அடுத்த கட்டம்.
நடுவில் அறுந்தால் கம்பி தன் வேலையைச் செய்தது.
கழுத்தில் என்றால் பொறுக்கலாம்.
பற்று விட்டு முழுசாக எழுந்து வந்தால்
மெஷினை நிறுத்தி ஆளைக் கூப்பிட வேண்டும்.

காலை எட்டுக்கு பத்து மாவுங் கற்களின் மேல்,
சீருடையோடு.
பின்னலைப் பல்லில் கடித்து இழுத்துப் பிடித்து
நரம்பின் மேல் இடமும் வலமுமாக
இருபது சுற்று.
பாதியில் போன்:
மின்கட்டணம் கட்டியாச்சா என்று வீட்டிலிருந்து.
கட்டியாச்சு என்றேன். எச்சில் தொட்டு இறுக்கினேன்.

நாலாவது வீச்சில்
பாலத்தின் பக்கம் நீர் ஒருமுறை புரண்டது.
கோல் வளைந்தது. ரீல் அலறியது.
அந்த முனையில் ஒரு தலை இல்லை, இல்லை என்று ஆட்டியது
என் முழங்கை வரை வந்தது.
பிறகு
நூலில் காற்று மட்டும்.

சுற்றி எடுத்து நுனியை வெளிச்சத்தில் பிடித்தேன்.
பல் என்றால் பிளேடு வைத்ததுபோல் இருக்கும்.
சிப்பி என்றால் பூனை நாக்காகச் சொரசொரக்கும்.
இது முழுசு.
காலையில் நான் கத்தரித்த அதே நுனி,
நரம்பைத் தழுவியிருந்த நெளிவுகளோடு.
எண்ணலாம்.
எண்ணினேன். பதிமூன்று.

ஹஸ்னிசாவிடம் ஊளி கடித்துப் போய்விட்டது என்று சொல்லலாம்.
நுனியைக் காட்டு என்பாள்.