எனக்கு அவன் வைத்த பெயர்

விண்ணப்பத்தில் கைப்பேசி எண்ணுக்குக் கீழே
எழுதியிருந்தான்:
அழைக்க வேண்டாம், செய்தி அனுப்புங்கள்.
அழைத்தார்கள்.
இரண்டு முறை அழைத்துப் பார்த்துவிட்டு
ஆர்வமில்லாதவர் என்று குறித்துக்கொண்டார்கள்.
இப்படி ஏழு கம்பெனிகள்.

எட்டாவது, ஜூ கூனில்.
ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை
டன் கணக்கில் வெளுக்கிற இடம்.
நேர்முகத்தில் திரு. கெக்
அவனைத் தாண்டி என்னைக் கேட்டார்:
"இவருக்கு எழுதப் படிக்க வருமா?"
யுவனேஸ்வரன்
மேசையில் கிடந்த வேலை அட்டவணையைத்
தன் பக்கம் திருப்பி
புதன்கிழமைக்கு இரண்டு ஆள் குறைகிறதென்று
பென்சிலால் வட்டம் போட்டான்.
திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

முதல் மாதம் அவனைப் படம் பிடித்து
வரவேற்பறையில் மாட்டினார்கள்.
என் வேலை இரண்டாம் மாதம்தான் தொடங்கும்.
என் கோப்பில் மூன்று கட்டங்கள்:
மூன்று மாதம், ஆறு மாதம், பன்னிரண்டு.
டிக் விழுந்தால் அவன் வேலை நிலைக்கும்,
என் வேலையும்.

நிலைப்பதும் நிலைக்காததும்
காலை ஏழரைக்கு எல்லோரும் வட்டமாக நிற்கும்
அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது.
வாய்கள் அசையும். யாரோ சிரிப்பார்கள்.
ஒரு நொடி பிந்தி அவனும் சிரிப்பான்.
ஞாயிறு ஷிப்டு இல்லை என்ற சேதி
அந்தச் சிரிப்புக்குள் எங்கோ விழுந்துவிடும்.
ஞாயிறு காலை எனக்கொரு படம் வரும்:
கேட். பூட்டு.
கீழே ஒரு கேள்விக்குறி.

இப்போது ருக்காயா வெள்ளைப் பலகையில் எழுதுகிறாள்,
எழுத்துப்பிழைகளோடு.
அவன் திருத்துகிறான்.
பங்களாதேஷிலிருந்து வந்த மூன்று பேர்
தங்கள் ஷிப்டு என்னவென்று
முதல்முறையாகப் புரிந்துகொண்டார்களாம்.

மார்ச்சில் தீ ஒத்திகை.
கீழே வெயிலில் தலை எண்ணினார்கள்.
நாற்பத்தொன்றுக்கு நாற்பது.
நான்காம் மாடியில் அவன்
தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தான்,
எல்லோரும் தேநீருக்குப் போயிருப்பார்கள்
என்ற நினைப்பில்.

கெக் எனக்குப் போன் போட்டார்.
"பாதுகாப்பு விஷயம், நான் என்ன செய்ய முடியும் லா?"
மணியோடு சேர்ந்து மினுக்குகிற
விளக்கு ஒன்று போதும் என்றேன்.
விலை கேட்டார், சொன்னேன்.
அவர் மனதுக்குள் கணக்குப் போடுகிற சத்தம்
எனக்கே கேட்டது.

விளக்கு வந்துவிட்டது. சிவப்பு.
சியூ லான் ஆன்ட்டி மூன்று சைகை படித்திருக்கிறார்:
சாப்பாடு, வலிக்கிறதா, முதலாளி வருகிறார்.
முதலில் படித்தது மூன்றாவதை.

அவர்களுக்குள் ஒவ்வொருவருக்கும்
ஒரு சைகைப் பெயர் உண்டு.
கெக்கைச் சொல்ல
இல்லாத பெல்ட்டை மேலே இழுத்துவிடுகிறான்.
என் பெயர் என்ன என்றேன்.
தயங்கினான்.
கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டிக்
காதோரம் வைத்து
முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டான்.
திருப்பிக்கொள்வதும் பெயரில் சேர்த்தி.

ஆறு மாதம்
அவன் எதிரிலேயே உட்கார்ந்து
அவனைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் கெக் அழைத்தால்
அவர் சொல்லச் சொல்லத் தட்டி
திரையை அவன் பக்கம் வைக்கிறேன்.
நேற்று அவர் சொன்னார்:
"பாவம், நல்ல பையன்."
விரல் நின்றுவிட்டது.
பாவத்தை விழுங்கிவிட்டு
நல்ல பையனை மட்டும் தட்டியிருக்கலாம்.
அவன் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
இரண்டையும் தட்டினேன்.

படித்தான்.
புருவத்தைக்கூட உயர்த்தவில்லை.
கைப்பேசியை வாங்கி அவனே தட்டினான்:
புதன்கிழமைக்கு இன்னும் ஆள் குறைகிறது.
எனக்கு இரண்டு பேரைத் தெரியும்.
அழைக்க வேண்டாம்,
செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.