ஐந்தும் பதினொன்றும்

மூன்றாம் மாடியில் தண்ணீர்க் குழாய்க்குத் துளை போட்டவன்
சுவருக்குள் ஏறிய கேபிளையும் சேர்த்துத் துளைத்துவிட்டுப்
போய்விட்டான், வெள்ளி மதியம்.
கட்டடம் ஊமையானது.
கப்பல் முகவர்கள், நோட்டரி, பல் மருத்துவர்,
ஆறாம் மாடியில் என்ன வியாபாரம் என்று
யாருக்குமே தெரியாத அந்த நிறுவனம்.

திங்கள் எட்டு மணிக்குள், என்றார் மேலாளர் எச்செவெரி.
சாவியைத் தந்தார். போகாமல் நின்றார்.
போனார்.

மொண்டெவிடியோ, பழைய நகரம், சனி இரவு.
துறைமுகக் காற்று நிலவறைச் சன்னலைப் பிடித்து ஆட்டுகிறது.
மாத்தே குடுவையும் வெந்நீர் ஃபிளாஸ்கும் படிக்கட்டோடு சரி.
வில்மர் போட்ட சட்டம்:
இழை வெட்டும் மேசையில் எதையும் குடிக்காதே.
கண்ணாடித் துணுக்கு உள்ளே போனால்
எந்த எக்ஸ்ரேயும் காட்டிக்கொடுக்காது.
வெட்டியதையெல்லாம் கறுப்பு நாடாவில் ஒட்டி எண்ணுகிறேன்.
ஒன்று குறைந்தால்
அது என் விரலில் இருக்கிறது.

அவன் ஒன்பதாம் மாடியில், நான் இங்கே.
நடுவில் புதிதாக இழுத்த நாற்பத்தெட்டு இழை.
இரு முனைக்கும் தொண்ணூற்றாறு ஒட்டு.

உரி. ஆல்கஹால் துணியால் துடை,
சுத்தமானால் கீச்சென்று சொல்லும்.
வெட்டு.
இயந்திரத் திரையில் இரண்டு முனைகள்
தூண்கள்போல் பெருத்து எதிரெதிரே வந்து
இடம் வலம் நகர்ந்து, தயங்கி,
ஒரு பொறி.
இரண்டு கண்ணாடி ஒரே கண்ணாடி.
இழப்பு: பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.
இவ்வளவு சுத்தமாக நான் வேறெதையும் சேர்த்ததில்லை,
என் கல்யாணம் உட்பட.

பன்னிரண்டு வருடம் சேர்ந்து வேலை.
வில்மர் ஒரு நிறத்தின் பெயரையும் சொன்னதில்லை.
நீலம் என்பேன், ஒன்று என்பான்.
பழுப்பு என்பேன், நாலுதானே என்பான்.
ஒவ்வொரு இழைமேலும் கைபேசியைப் பிடிப்பான்,
கணக்குக்குப் படம் என்பான்,
காதில் மாட்டிய கருவி அவனுக்கு ஏதோ முணுமுணுக்கும்.
நாலாவது வருடம், மறந்துவிட்டு வந்த என் சிவப்புக் குடையை
பச்சைக் குடை உன்னுடையதா என்று கொண்டுவந்தான்.
ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன்.
அன்றிலிருந்து நானும் எண்தான் சொல்கிறேன்.

அதிகாலை நாலு.
மேலிருந்து சிவப்பு ஒளியை ஒவ்வொன்றாக இறக்குகிறான்.
ஒன்று. வந்தது.
இரண்டு. வந்தது.
மூன்று, நாலு.
ஐந்து.
ஐந்தாம் துளை இருட்டு.
பதினொன்றாம் துளை சிவந்து நிற்கிறது.

முதலில் என்ன நினைத்தேன் என்று மறைக்க மாட்டேன்:
அவன்தான். சாம்பலும் ரோஜாவும்
அவனுக்கு ஒன்றுதானே.
போனில் அவனும் பேசவில்லை.
அதையேதான் நினைக்கிறான் என்று மூச்சில் தெரிந்தது.
என் தட்டைத் திறந்து பார்க்கிறேன், நிபியா, என்றான்.
திருகாணி சுழலும் சத்தம்.

சும்மா இருக்க முடியாமல் நானும் என் தட்டைத் திறந்தேன்.
விளக்கடியில், பட்டப்பகல்போல,
சாம்பலோடு ரோஜா,
ரோஜாவோடு சாம்பல்.
இழப்பு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று.
அந்த இரவின் மிகச் சிறந்த ஒட்டுகள் அவை இரண்டும்.

மூடு வில்மர். என்னுடையது.
எது?
சாம்பலும்... என்று தொடங்கி விழுங்கி,
ஐந்தும் பதினொன்றும், என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்:
பதினொன்று, அது ரோஜாதானே.
எப்படி இருக்கும்?

வாய்க்குள் நாக்கைச் சுழற்றித் தேடினேன்.
ஈறு மாதிரி, என்றேன். பல் மருத்துவர் வீட்டு ஈறு.
ஐந்து?
எச்செவெரியின் கோட்டு.
அவன் சிரிப்பு லிஃப்ட் குழி வழியாக
ஒன்பது மாடியும் இறங்கி வந்தது,
கேபிள் இல்லாமலே.

நல்ல ஒட்டுகள் இரண்டையும் வெட்டினேன்.
மறுபடி உரி, துடை, வெட்டு.
இந்த முறை பூஜ்யம் மூன்று. போதும்.

பில்லில் தொண்ணூற்றாறு என்றே எழுதினேன்.
நாடாவில் துணுக்குகளை இரண்டு முறை எண்ணிவிட்டேன்.
ஒன்று குறைகிறது.