என் கூரைதான் அவர்களுக்குத் தரை

திபிலிசியில், சொலோலாக்கிச் சரிவில்,
தெருவிலிருந்து ஆறு படி இறங்கினால் என் ரொட்டிக்கடை.
என் கூரைதான் மாடிக் கூடத்துக்குத் தரை.
இருபத்திரண்டு வருடமாக
ஓர் ஆட்டத்தையும் நான் பார்த்ததில்லை.
என் மாவில் விழுவதை வைத்துச் சொல்வேன்.

திங்களன்று கோச்சாவின் பையன்கள்.
தோலி மேளம் முழங்குமுன்
பிசைந்த மாவுக்கு ஈரத்துணி போர்த்திவிடுவேன்.
முழங்காலில் விழுவார்கள், எழுவார்கள், மறுபடி விழுவார்கள்.
சுண்ணாம்பு பொலபொலவென்று உதிரும்.
தரை அவர்களுக்குப் பங்காளி மாதிரி:
நாளெல்லாம் அடித்துக்கொண்டாலும்
பாகம் பிரிக்கமாட்டார்கள்.

அவர்களோடு ஆடும் பெண்கள் வந்தால்
யாரோ பட்டுத்துணி மடிப்பது போல் ஒரு சரசரப்பு.
நீண்ட பாவாடைக்குள்
கால் இருக்கிறதா என்றே தெரியாதாம்.

வெள்ளியன்று டாங்கோ.
ஒன்றும் உதிராது.
இரண்டு பேர், நான்கு செருப்பு, ஒரே ரகசியம்.
தரையிலிருந்து காலை எடுக்க மனமில்லாமல்
இழுத்துக்கொண்டே போவார்கள்,
கதவு வரை வந்தும் விடைபெறாத விருந்தாளிகளைப் போல.

செவ்வாய் பாலே.
பியானோ ஓடும். ஆள் இருப்பதாகவே தெரியாது.
எத்தேரி அம்மாளின் குரல் மட்டும்
"பிளியே, பிளியே" என்று சலிக்காமல் கண்டிக்கும்.
பிளியே ஒரு பெண்ணின் பெயர் என்றே
மூன்று வருடம் நினைத்திருந்தேன்.
பாவம், என்ன செய்தும் நல்ல பேர் வாங்காத பெண்.

பிறகு பியானோவில் ஓர் இடம் வரும்,
ஒரு மூச்சு நீளம்.
அப்போது மேலே யாருமே இல்லை.
பன்னிரண்டு பெண்கள், ஒருத்திகூடத் தரையில் இல்லை.
அடுத்த நொடி, அலமாரியிலிருந்து பூனை குதிப்பது போல்,
பன்னிரண்டு பூனைகள்.
டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஏறுவது தெரியும்.
எனக்கு இறங்குவது மட்டும்தான்.
அந்த இறக்கத்தை மறைக்கத்தான்
இவ்வளவு பாடும் என்று தோன்றும்.

போன மார்ச்சில் ஒருத்தி என் படியில் உட்கார்ந்து
புதுச் செருப்பைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.
காசு கொடுத்து வாங்கியதை ஏன் அடிக்கிறாய் என்றேன்.
"சத்தம் போடுகிறது."
பெயர் த்சியூரி. பதினேழு இருக்கும்.
நுனியைத் தட்டிக் காட்டினாள், மரம் போல் கேட்டது.
மரமில்லையாம். துணி, காகிதம், மாவுப்பசை.
மாவா?
வாங்கி முகர்ந்து பார்த்தேன்.
அப்படியொன்றும் நல்ல மாவில்லை.

"கோச்சாவின் பையன்களும் நுனிக்காலில்தான் நிற்கிறார்கள்,
இந்தப் பசையெல்லாம் இல்லாமல்" என்று சீண்டினேன்.
கோபம் வந்துவிட்டது.
"அவர்கள் விரலை மடக்கிக் கணுவில் நிற்கிறார்கள்.
எவ்வளவு கஷ்டம் பார் என்று ஊருக்கே காட்டுகிறார்கள்.
எங்களுக்கு வலிப்பது கழுத்துக்கு மேல் வரக்கூடாது."
சொல்லிக்கொண்டே வலது பாதத்தை அவிழ்த்தாள்.
கட்டைவிரல் நகம் கத்தரிக்காய் நிறம்.
முழங்கையில் அடுப்பு இழுத்த தழும்புகளை
நான் காட்டவில்லை. அவளாகவே பார்த்தாள்.

அதற்குள் அடுப்பு காய்ந்துவிட்டது.
எங்கள் அடுப்பு கிணறு மாதிரி,
உட்சுவரில்தான் ரொட்டியை அறைந்து ஒட்டவேண்டும்.
விளிம்பில் வயிற்றை வைத்துத் தலைகீழாகக் கவிழ்ந்தேன்.
ஒரு கால் தரையில்;
மற்றது பின்னால் தானாக எழும்,
எழாவிட்டால் நானும் ரொட்டிதான்.
நிமிர்ந்தபோது த்சியூரி வாய் பிளந்து நின்றாள்.
அதற்கு அவர்களிடம் ஒரு பெயர் உண்டாம்.
பிரெஞ்சு. சொன்னாள், மறந்துவிட்டேன்.
"முட்டியை மட்டும் இன்னும் நீட்டுங்கள்" என்றாள்.
"நீட்டினால் முடி கருகும்" என்றேன்.
இரண்டு ரொட்டி வாங்கிப் போனாள்,
ஒன்றுக்குக் காசு பாக்கி.

இந்தச் செவ்வாய், பியானோவின் அந்த இடத்தில்,
கையில் மாவோடு நின்று எண்ணினேன்.
பதினொன்று கேட்டது.
ஒருத்தி வரவில்லையா,
அவள் செருப்பு பழகிவிட்டதா, தெரியவில்லை.
பாக்கி அப்படியே நிற்கிறது.