ஆறும் முன்

லுன்னோய் தீவில் மொத்தம் நானூற்றுப் பதினொரு பேர்.
அதில் இருபத்து மூன்று பேரின் கைபேசி
இரவிலும் ஊமையாக்கப்படுவதில்லை.
ஓ வகைக்காரர்கள்.
சோதித்து, பட்டியல் போட்டு, என் ஆம்புலன்ஸின்
வெயில் மறைப்புக்குப் பின்னே ஒட்டிவைத்திருக்கிறேன்.
(இங்கே வெயில் என்பது ஒரு நம்பிக்கை.)

ஜனவரி. இரவு இரண்டரை.
சால்மன் பண்ணைப் படகில் கயிறு சுற்றும் எந்திரம்
ஸ்னோரேயின் தொடையையும் கயிறென்று நினைத்துவிட்டது.
பத்தொன்பது வயது.
பட்டை கட்டி, குச்சியைத் திருகி,
நேரத்தை அவன் நெற்றியிலேயே எழுதினேன்: 2:47.
பேனா மை உறைந்திருந்தது, மூன்றாம் முறைதான் பிடித்தது.
இடுப்பெலும்பும் நொறுங்கியிருந்தது.
அங்கே கசிவதைத் திருகி நிறுத்தக் குச்சி கிடையாது.

ஹெலிகாப்டர் வராது.
காற்று மலையையே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது.
பெர்கனிலிருந்து மருத்துவர் ஹெல்லே
என் தலைக்கவசக் கேமரா வழியே பார்க்கிறார்.
திரையில் அவர் முகம் பாதி திறந்த வாயோடு நின்றுவிட்டது,
குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது:
"பெட்டியில் எத்தனை பை?"
இரண்டு.
இரண்டும் இறங்கியாயிற்று.

முன்பென்றால் உப்புநீரைத் தொங்கவிடுவோம்,
ஆள் கூடக்கூட மீன் சூப்பில் தண்ணீர் விடுவதைப்போல.
அப்படித்தான் கற்றுத்தந்தார்கள்.
பதினான்கு வருடத்துக்கு முன் குன்வோர்
என் கையைப் பிடித்தபடியே வெளிறிப் போனாள்,
ரத்த அழுத்தமானி கடைசிவரை
நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது.
அது இங்கே வேண்டாம்.

செய்தி அனுப்பினேன். ஒரே சொல்: வா.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள்.
இங்கே யாரும் யாருக்கும் தசை இல்லை.
ஆடியது கைபேசிதான்,
இருபத்து மூன்று தலையணைகளுக்கு அடியில்.

முதலில் தோர்கெய்ர், பனி தள்ளும் வண்டியோடு,
பைஜாமாவுக்கு மேல் ரப்பர் உடுப்பு.
மீன் ஆலையின் இரவு ஷிப்டிலிருந்து மரிவிக்,
செதில் ஒட்டிய முழங்கையைத் துடைத்துக்கொண்டே.
பிறகு இரண்டு பேர், ஒரே வீட்டிலிருந்து,
பேச்சுவார்த்தை நின்று வருடமாயிற்று, தனித்தனிக் காரில்.
தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஓட்பியோர்க்
வாசலிலேயே நின்றாள்.
"போன மாதம் பச்சை குத்திக்கொண்டேன்."
அறுபத்தொரு வயது.
எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
ரத்தம் இறங்கும் பைகளை ஆட்டும் வேலை அவளுக்கு.
ஆட்டினாள், ஏதோ அணிவகுப்பின் தாளத்தில்.

குளிர்பெட்டிப் பை கையில் பிடித்த மீன் போலிருக்கும்.
இது வேறு.
தோர்கெய்ரின் கையிலிருந்து நிறைந்த பையைக்
கழுத்தோடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.
சற்று முன்வரை
ஒருவனின் தூக்கத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்த சூடு.
"ஆறும் முன் ஏற்றிவிடு" என்றது திரை.
புண் ஆறுவதற்கும் உடல் ஆறுவதற்கும்
ஒரே சொல்தான்.
எது முந்தும் என்று
அந்த நேரத்தில் சொல்லுக்கே தெரியாது.

ஒன்று. கால்சியம். இரண்டு. மூன்று.
நான்காவது பாதி இறங்கும்போது
அவன் உதடு ஈரச் சாம்பலிலிருந்து
உதட்டின் நிறத்துக்கு வந்தது.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்.
ஓட்பியோர்க் ஆட்டுவதை நிறுத்தவில்லை,
அவள் கையிலிருந்தது வெறும் பை.

ஆறு பத்துக்குக் காற்று அசந்த இடைவெளியில்
ஹெலிகாப்டர் வந்து கொண்டுபோனது.
மரிவிக் ஷிப்டுக்குத் திரும்பினாள், தலைசுற்றலோடு,
அந்த நேரத்துக்குக் கூலி பிடிப்பார்களா என்று கேட்டபடி.
மற்ற மூவரும் பள்ளி ஜிம்மின் மெத்தைகளில் கிடந்தார்கள்,
பேசாத இருவரும் அடுத்தடுத்து, பேசாமல்.
அவன் இருக்கிறானா என்று
மதியம்வரை யாரும் போன் செய்யவில்லை.
செய்தால் பதில் வந்துவிடும்.

ஆம்புலன்ஸின் தரையைக் கழுவினேன்.
வெயில் மறைப்பைத் திருப்பி, பென்சிலால்
நான்கு பெயருக்கு நேரே ஏப்ரல் என்று எழுதினேன்,
ஓட்பியோர்க்குக்கு மே.

இன்றிரவு தீவில் பதினெட்டுப் பேர்.