சூடம் அடிக்காத வருஷம்

மூன்று தடவை சூடம் அடித்தவன் நான்.
குன்றக்குடி அடிவாரத்தில் ஒன்று,
கொப்புடையம்மன் வாசலில் ஒன்று,
மூன்றாவது வீட்டுக்குள், பொன்னழகு முன்னால்.
உள்ளங்கைச் சூடு ஆறுமுன் கடையில் நின்றேன்.

பழனி நடைக்குப் பேர் கொடுக்கப் போனபோதும்
சட்டைப்பையில் ஒரு பொட்டலம் இருந்தது.
உமையாள் நோட்டை விட்டுத் தலை தூக்கவில்லை.
"சூடம் சாமிக்கு இருக்கட்டும்.
ரத்த வகை சொல்லுங்க. மாத்திரை ஏதும் உண்டா?"
உண்டு, காரைக்குடி ஆஸ்பத்திரியில் கொடுத்தது,
விரதத்துக்காக நிறுத்திவிடலாம் என்றேன்.
"நிறுத்தக் கூடாது. எத்தனை மணிக்கு?"
எழுதிக்கொண்டார்.
அன்று எனக்கு முப்பத்தொன்பதாம் நாள்.

பணப்பை மட்டும் இவனிடம் வேண்டாம் என்றார் வயிரவன்,
எல்லார் முன்னாலும்.
திருடனா நான் என்று கத்தினேன்.
"கனம்ப்பா அது. உன்கிட்ட இருக்கிற கனமே போதும்.
எலக்ட்ரீசியன்தானே, ராத்தங்கலுக்கு விளக்குப் போடு."
வயர்ச் சுருளைத் தோளில் மாட்டினார்கள்.
எடை போட்டால் அதுதான் கனம்.

திருப்பத்தூர் தாண்டிப் பச்சை போர்டு தெரிந்தது.
அரோகரா கூடவுமில்லை, குறையவுமில்லை.
அடைக்கலவன் மட்டும் எனக்கும் கடைக்கும் நடுவில் வந்து
தன் குதிகால் கொப்புளத்தைப் பற்றி ஆரம்பித்தான்.
கடை மறையும்வரை பேசினான்.
ஒரு கொப்புளத்துக்கு அவ்வளவு கதை இருக்கும் என்று
நான் நினைத்ததே இல்லை.

சிங்கம்புணரியில்
ஒன்பது மணிக்கே எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.
போனேன்.
மாலையைக் கழற்றி வயர்ச் சுருளுக்குள் வைத்துவிட்டு.
அந்த மட்டுக்கு மரியாதை.

விழித்தபோது வெயில். பெட்ரோல் பங்க் சுவர்.
காவடி ஒருத்தனுக்காக நிற்காது. நிற்கவுமில்லை.
அரிசி ஏற்றின குட்டியானை நின்றது,
உள்ளே அடைக்கலவன், காலை நீட்டிக்கொண்டு.
சாமி கோபிக்குமா என்று கேட்டேன்.
"தெரியலை. டாக்டர்கிட்ட கேட்டாச்சு,
இன்னைக்கு நீ நடக்க வேண்டாமாம்.
உன் வீட்டுக்காரி லைன்ல இருக்கு, பேசு."
பேசினேன். அவள் பேசவில்லை.
போனை வைக்கவுமில்லை.

அடுத்த தங்கலுக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது.
பொட்டல் வெளி. நூற்றுப்பத்துப் பேர்
செல்போன் வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.
ஜெனரேட்டர் சும்மா கிடக்கிறது,
பல்பெல்லாம் பெட்டியில்.

"சேவுகா," இருட்டுக்குள்ளிருந்து வயிரவன் குரல்,
"சீக்கிரம் வாப்பா.
ரசம் எது, சாம்பார் எதுன்னே தெரியலை."

வண்டியில் கிடந்த சுருளைப் பிரித்தேன்.
உள்ளே மாலை இருந்தது.
எதை முதலில் எடுப்பது என்று கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு விளக்கைப் போட்டேன்.