வெற்றுத்தாள்

என் ஜெராக்ஸ் கடைக்கும் காஜாவின் டீக்கடைக்கும் நடுவே
ஒரு தகரம்தான் சுவர்.
அங்கே பேசுவது
இங்கே என் மெஷினில் சூடாக வந்து விழும்.

ஞாயிறன்று திருச்சிக்காரர்களிடம் தோற்றோம்.
இரண்டுக்கு மூன்று.
செவ்வாயாகியும் செக்காலை ரோட்டில் யாருக்கும் ஆறவில்லை.

"எழுபதாவது நிமிஷத்துல எவனாச்சும்
வெள்ளைக்கண்ணை வெளிய எடுப்பானா?"
சோலைமலை மினிலாரியை உறுமவிட்டபடியே இறங்கி வந்து கேட்கிறார்.
புதுவயல் அரிசி இருபது மூட்டை
தேவகோட்டைக்குப் போகாமல் வெயிலில் நிற்கிறது.

"கெண்டைக்கால் பிடிச்சிருச்சுய்யா. நொண்டினான்ல."
"அவனுக்குப் பிடிச்சது காலு. கோச்சுக்கு வேற எதுவோ."

சாத்தப்பன் நோட்டைப் பிரிக்கிறார்.
இருபத்திரண்டு வருஷ ஆட்டம், கோல், மழையில் நின்றது, எல்லாம் அதில்.
அவர் வீட்டில் புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம்,
கோயிலுக்கு வரி கட்டும் கணக்கு.
அவருக்கு மட்டும்
ஜெயித்தால் மூன்று, சமமென்றால் ஒன்று.

பெஞ்சின் மேல் ஆட்டம் மறுபடி நடக்கிறது.
நான்கு டீ கிளாஸ் தடுப்பு வரிசை.
மசாலைச் சீயம் நடுக்களம்.
கோல் காத்த வெள்ளைப் பணியாரத்தை
வாக்குவாதத்தில் யாரோ தின்றுவிட்டார்கள்.
"ரீகனும் இப்பிடித்தான்,
நிக்க வேண்டிய நேரத்துல இருக்க மாட்டான்."

ரீகன் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவன்.
ஆறடி ஒரு அங்குலம், பி.காம்., ஹாஸ்டல் இலவசம்.
"தூத்துக்குடி வரைக்கும் போயி ஆள் பிடிச்ச மனுஷனுக்கு
நம்ம புதுவயல் நெல்லுக் களத்துல
வெறுங்காலோட ஆடுற பயலுக கண்ணுல படலையா?"
"ஊர்க்காரன்தான் வேணும்னா கோயில் கமிட்டி வச்சுக்க.
டீம் எதுக்கு?"
இதைச் சொன்னது காஜா.
கொஞ்ச நேரம் ஸ்பூன் சத்தம் மட்டும்.

"என்ன இருந்தாலும் வெள்ளைக்கண்ணு இருக்கான்.
எம்.ஏ. இங்கதான். இன்னும் ரெண்டு வருஷம்.
கோச்சைத்தான் மாத்தணும்."
"மாத்தணும்."
அன்றைக்கு முதல் தடவையாக எல்லோரும் ஒரே கட்சி.

நான் எதுவும் பேசவில்லை.

காலை ஒன்பது மணிக்கு, ஷட்டர் பாதி ஏறியிருக்கும்போதே
கோச் குனிந்து உள்ளே வந்தார்.
பயிற்சிச் சான்றிதழ், அனுபவச் சான்றிதழ், ஐந்து செட்.
விண்ணப்பம் ரோலரில் சிக்கியது. உருவி எடுக்கையில்
படிக்கக் கூடாது என்று நினைப்பதற்குள் படித்துவிட்டேன்.
கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி.

பதினொன்றுக்கு வெள்ளைக்கண்ணு. டி.சி., இரண்டு செட்.
"கவர் இருக்காக்கா?"
முகவரியை அவனே எழுதினான், கோணல் எழுத்தில்.
அதே கல்லூரி. அதே பின்கோடு.
பிறகு கடையிலிருந்து குதித்து, ரோட்டைத் தாண்டி
பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.
நொண்டவில்லை.

நானும் அந்த மேட்சுக்குப் போனவள்தான்.
தண்ணீர் டேங்க் நிழலில் நின்று
தொண்டை கட்டும்வரை கத்தியவள்.
எழுபதாவது நிமிஷம் பலகை உயர்ந்தபோது
கோச்சைத் திட்டியதில் சோலைமலைக்குக் குறைந்தவள் இல்லை.
இப்போது அந்தப் பலகை வேறுமாதிரி தெரிகிறது,
ஒரு நல்ல காலை யாரோ
துணியில் பொதிந்து எடுத்துப் போவதுபோல.
அல்லது பிடிப்பேதான். இரண்டு நாளில் சரியாகியிருக்கும்.
மூன்றாவது கோல் விழுந்தது எண்பத்தெட்டில்.

"மீனா, நீதான் பொதுவான ஆளு. சொல்லு,
எடுத்தது சரியா தப்பா?"
தகரத்தின் ஓட்டையில் சாத்தப்பனின் மூக்குக்கண்ணாடி.

"கால் பிடிப்பாத்தாண்ணே இருக்கும்."

"சரி, ஒரு வெத்துத்தாள் குடு.
அடுத்த வருஷ லிஸ்டைப் போட்டுருவோம்."
கழிவுத்தாள் கட்டில் கை வைத்தேன்.
மேலாக இருந்தது காலையில் சிக்கிக் கசங்கியது.
அதைக் கல்லாவுக்குள் தள்ளிவிட்டு
புதுக் கட்டைப் பிரித்து, இரண்டு பக்கமும் பார்த்து
ஒன்று நீட்டினேன்.

அவர் முதலில் ஒன்பதாம் நம்பரைத்தான் எழுதினார்.
பேருக்குக் கீழே இரண்டு கோடு.